அழிப்புச் சான்றிதழ்

ஃபேர்லேண்ட்ஸில் அந்தக் கருத்தரிப்பு மையம்
போர்டைக் கழற்றிய வாரம்
முப்பத்தொரு ஹார்ட் டிஸ்க்கை
மாம்பழக் கூடையில் அடுக்கி
என் பைக்கில் ஏற்றினார்கள்.
மேலே வைக்கோல்.
பார்ப்பவர்களுக்கு அது சீசன்.

"ஃபார்மட் அடிச்சா போதாது" என்றார் வக்கீல்.
"ஒரு பேரும் எழுந்து வரக்கூடாது.
அழிச்சதுக்குச் சான்றிதழ் வேணும்,
சாட்சி கையெழுத்தோட."

முதலில் சுத்தியல்.
லேப்டாப் வட்டு கண்ணாடி என்று
அடித்த பிறகுதான் தெரிந்தது.
ஒரே சத்தம், பிறகு தரையெல்லாம் உப்பு.
பெரியவை அலுமினியம்.
வளைந்தன, விட்டுக்கொடுக்கவில்லை.

ஆத்தூர் ரோட்டில் தீர்த்தகிரியின் சேகோ ஆலையில்
மாவில் விழும் ஆணியைப் பிடிக்க ஒரு காந்தம் உண்டு.
ஓர் இரவு முழுக்க அதன்மேல் ஒன்றைக் கிடத்தினோம்.
காலையில் செருகிப் பார்த்தேன்:
வரிசை கலையாமல்
அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.
"மரவள்ளிக்குப் பத்தும்" என்றான் தீர்த்தகிரி,
"மனுசங்களுக்குப் பத்தாது."

ஏற்காட்டு மலைப்பாதை, பதினாலாவது வளைவு.
டீ குடிக்க நின்ற மர லாரியின்
முன்சக்கரத்துக்கு அடியில் ஒன்று வைத்தேன்.
டிரைவர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:
"ஏம்ப்பா, எலுமிச்சம்பழம் கிடைக்கலையா?"

கடைசியில் செவ்வாய்ப்பேட்டை, சுகவனத்தின் கொலுசுப் பட்டறை.
உலையைத்தான் கேட்டேன்.
"அலுமினியம் ஒட்டுன மூசையில
அப்புறம் வெள்ளி உருக்க முடியுமா?" என்று
மெருகு போடும் டிரம்மைக் காட்டினார்.
பூந்திக்கொட்டைத் தண்ணீர்.
எஃகு மணிக்குப் பதில் ஆற்றுமணல்.

ஆறுமுனைத் திருகாணி, ஒன்றுக்கு ஏழெட்டு.
கழற்றக் கழற்ற
ஒவ்வொரு வட்டிலும் என் முகம்,
மீசைத் தூசி வரை துல்லியமாக.
அந்த முகத்துக்கு அடியில் எங்கோ
மாமியாருக்குத் தெரியாத ஊசித் தேதிகள்,
விடுதிக் கட்டணத்துக்காகக் கருமுட்டை கொடுத்தவள்,
ஒரு தாசில்தாரின் பூஜ்யம்.

அப்போதுதான் போன் வந்தது.
மூடிய கேட்டில் வாட்ச்மேன் கொடுத்த நம்பராம்.
பெயர் சொல்லவில்லை.
பத்து வருசத்துக்கு முன்னால், ஆடி மாசம்.
பதினோரு வாரம்.
ஒரே ஒரு ஸ்கேன் படம். அதற்கப்புறம் எதுவும் இல்லை.
காப்பி எடுத்துத் தரவா என்றேன்.
கேட்டிருக்கக் கூடாது.
"வேண்டாங்க.
அழிக்கறப்ப நான் இருக்கலாமா?"

டவுன் பஸ்ஸில் வந்தாள், சாப்பாட்டு நேரத்தில்,
கையில் டிபன் பையோடு.
திருகாணி வைக்கும் பெண்கள்
யார் என்று கேட்காமல் ஒரு ஸ்டூலைத் தள்ளினார்கள்.
எந்த வட்டு என்று யாருக்கும் தெரியாது.
அவளும் கேட்கவில்லை.
பச்சைப் பொத்தானை அவளே அழுத்தினாள்.

மூன்று மணி நேரம்
டிரம்முக்குள் ஓர் ஆறு உருண்டது.
மதியமெல்லாம் பாடும் ரேடியோவைச்
சுகவனம் எழுந்து போய் நிறுத்தினார்.
அவள் டிபனைத் திறக்கவே இல்லை.

மூடியைத் திறந்தால் கறுப்பு நுரை.
நுரைக்குள் முகம் காட்டாத வட்டுகள்.
ஒன்றை நகத்தால் சுண்டினேன்.
கணீரென்றது.
"தடம் போயிரும், சத்தம் போகாது" என்றார் சுகவனம்,
பழக்கத்தில் எடை போட்டுக்கொண்டே.

அவள் ஒன்றை எடுத்துக் குழாயடியில் கழுவினாள்,
முந்தானையில் துடைத்தாள்,
காதுக்குப் பின்னாலும் துடைப்பதுபோல்
விளிம்பு விளிம்பாக.
பிறகு குவியலிலேயே வைத்துவிட்டாள்.

சான்றிதழில் சீரியல் நம்பர்கள் முப்பத்தொன்று.
கீழே, சாட்சி.
பேனாவை வாங்கிச் சற்று யோசித்து
ஜெ. வனஜோதி என்று எழுதினாள்.

"இது அங்க ரிஜிஸ்டர்ல குடுத்த பேரு.
நெஜப் பேரு வேணுங்களா?"

மை காய்வதற்குள்
முத்திரையைக் குத்தினேன்.